பேர் இல்லாத மணிகள்: அரிக்கமேட்டுல இருந்து அக்காவோட ஓடிஜி வரைக்கும்

இந்த எபிசோடு எங்க வீட்டுச் சமையல்கட்டுல இருந்து ஆரம்பிக்குது. பின்னாடி 'டிங்'னு ஒரு சத்தம் கேட்டா, அது அக்காவோட ஓடிஜி. உள்ள கேக் எதுவும் இல்ல, முப்பது ஜோடி கம்மல் வெந்துகிட்டு இருக்கு.

அக்கா, பாப்பா பிறந்ததுக்கு அப்புறம் வேலையை விட்டாங்க. மதியம் பாப்பா தூங்குற ரெண்டு மணி நேரத்துல பாலிமர் க்ளேயில கம்மலும், சாவிக் கொத்துல மாட்டுற குட்டிக் குட்டிப் பொம்மைகளும் செய்வாங்க. விரல் நகம் அளவுல ஒரு இட்லித் தட்டு, அதுல மூணு சட்னி. ஒரு டபரா செட். ஒரு மாம்பழம். இன்ஸ்டாகிராம்ல போட்டு விக்கிறாங்க. ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரே ஒரு எழுத்து அழுத்தியிருக்கும்: 'நெ'. நெல்லித்தோப்போட நெ.

போன மாசம் ஒரு கடையில இருந்து போன் வந்தது. 50 ஜோடி வேணுமாம், மொத்தமா பணம் தந்துடுவாங்களாம். ஒரே ஒரு கண்டிஷன்: பின்னாடி அந்த எழுத்து இருக்கக் கூடாது, அவங்க கடை டேக் போட்டுக்குவாங்க. அக்கா போனை வெச்சுட்டு என்கிட்ட, "சரின்னு சொல்லிடவாடா?"ன்னு கேட்டாங்க.

ஆமா, இல்லைன்னு ஒரு வார்த்தையில முடிச்சிருக்கலாம். நான் ரெண்டாயிரம் வருஷம் பின்னாடி போயிட்டேன். அந்தக் கதைதான் இது.

க்ளேன்னு பேரு, ஆனா மண் இல்ல

முதல்ல பொருளைப் பத்திச் சொல்லிடறேன். பாலிமர் க்ளேயில மண்ணே கிடையாது. அது பிவிசி. நம்ம வீட்டுத் தண்ணி பைப்புக்கும் இதுக்கும் குடும்பம் ஒண்ணுதான். பிவிசியோட நுண்ணிய துகள்களை, அதை மெத்துனு வெச்சிருக்கிற ஒரு எண்ணெய் மாதிரியான பொருளோட கலந்து, நிறம் சேர்த்திருப்பாங்க. கையில பிசைஞ்சா சப்பாத்தி மாவு மாதிரி இருக்கும். சுமார் 110 டிகிரியில அரை மணி நேரம் வெச்சா துகள்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி உருகிச் சேர்ந்து கெட்டியாயிடும். மண்பாண்டம் மாதிரி சூளை எல்லாம் வேண்டாம். வீட்டுலயே செய்ய முடியறதுக்கு அதுதான் காரணம்.

சூடு கூடிடுச்சுன்னா மட்டும் ஆபத்து. 130 டிகிரி தாண்டக் கூடாதுன்னு பாக்கெட்டுலயே எச்சரிக்கை இருக்கும். கருகினா வர்ற புகை நல்லதில்ல. அக்காவோட முதல் தட்டு முழுக்கக் கருகித்தான் போச்சு. ஓடிஜியோட திருகு காட்டுற சூடு ஒண்ணு, உள்ள இருக்கிற சூடு வேற. அதுக்கப்புறம்தான் தனியா ஒரு தெர்மாமீட்டர் வாங்கி உள்ள வெச்சாங்க. அந்த ஓடிஜி இப்போ க்ளேக்கு மட்டும்தான், அதுல சாப்பாடு வைக்கிறதில்ல. நீங்க செஞ்சா இந்த ரெண்டையும் மறந்துடாதீங்க.

இந்தப் பொருள் பிறந்த கதையிலயும் ஒரு வீடு இருக்கு, ஒரு பொண்ணு இருக்காங்க. ஜெர்மனியில கேதே க்ரூஸேன்னு புகழ்பெற்ற பொம்மை தயாரிப்பாளர். 1930-களோட கடைசியில அவங்களுக்கு, பொம்மை செய்ய ஆகுமான்னு பார்க்க ஒரு புது பிளாஸ்டிக் மாதிரி வந்தது. அவங்க பட்டறைக்கு அது ஒத்துவரல. மகள் சோஃபி அதை எடுத்து வெச்சு நோண்ட ஆரம்பிச்சாங்க. வீட்டுல அவங்களுக்குச் செல்லப் பேரு ஃபிஃபி. 1950-கள்ல 'ஃபிஃபி மொசைக்'ன்னு விக்க ஆரம்பிச்சாங்க. 1964-ல அதோட உரிமையை எபர்ஹார்ட் ஃபாபர் கம்பெனி வாங்குச்சு, அப்புறம் பேரு 'ஃபிமோ' ஆச்சு. இன்னைக்கும் கடையில கிடைக்கிற பிராண்டு அது. அந்தப் பேர்ல இருக்கிற 'ஃபி', ஒரு பொண்ணோட செல்லப் பேர்ல பாதி.

இந்தப் 'பாதிப் பேரு' விஷயத்தை மனசுல வெச்சுக்கோங்க. திரும்பி வருவோம்.

ஜவ்வு மிட்டாய் லாஜிக்

அக்கா செய்யற பூக் கம்மல்ல, ஒரு மிளகு அளவுக்குள்ள அஞ்சு இதழ், நடுவுல மஞ்சள், சுத்தி வெள்ளைக் கோடு எல்லாம் இருக்கும். இவ்வளவு சின்னதா எப்படி வரையறாங்கன்னு ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். அவங்க வரையறதே இல்ல.

முதல்ல கட்டை விரலை விடத் தடிமனா, க்ளேயிலயே ஒரு உருளை கட்டுறாங்க. நடுவுல மஞ்சள் குச்சி, சுத்தி அஞ்சு சிவப்புக் குச்சி, இடைவெளியில வெள்ளை. அப்புறம் அதை நாலு பக்கமும் மெதுவா அழுத்தி, உருட்டி, இழுத்து நீட்டுறாங்க. உருளை ஒல்லியாகுது, உள்ள இருக்கிற பூவும் அப்படியே சின்னதாகுது, ஆனா கலையறதில்ல. அதை பிளேடால வட்ட வட்டமா சீவினா ஒவ்வொரு துண்டுலயும் அதே பூ.

திருவிழாவுல ஜவ்வு மிட்டாய்க்காரர் கம்புல இருந்து இழுத்து நம்ம கையில வாட்ச் கட்டுவாரே, ஞாபகம் இருக்கா? எவ்வளவு மெல்லிசா இழுத்தாலும் ரோஸ் கோடும் வெள்ளைக் கோடும் பக்கத்துப் பக்கத்துலயே வரும். அதே லாஜிக். பெருசா ஒரு தடவை செய், இழு, வெட்டு.

இதே லாஜிக்கை வெச்சு ஒரு பெரிய தொழிலே நடந்த இடம் எங்க ஊர்ப் பக்கத்துலதான் இருக்கு. நெல்லித்தோப்புல வண்டியை எடுத்தா முதலியார்பேட்டை, முருங்கப்பாக்கம் தாண்டி அரியாங்குப்பம். அங்க இருந்து உள்ள திரும்பினா ஆத்தங்கரையில மாந்தோப்புக்கு நடுவுல ஒரு மேடு. அரிக்கமேடு.

ஒரு ஓட்டை, ஆயிரக்கணக்கான மணி

அரிக்கமேடுன்னா ஸ்கூல் புத்தகத்துல நாம படிச்சது ஒரே வரி: ரோமானியர்களோட வணிகம் நடந்த துறைமுகம். அது சரிதான். ஆனா அந்த மண்ணுல கிடைச்ச பொருள்ல பெரிய பங்கு மணிகள். கார்னீலியன், அகேட், செவ்வந்திக்கல், படிகம்னு கல் மணிகள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கண்ணாடி மணிகள்: செங்கல் சிவப்பு, கருப்பு, நீலம், பச்சை, மஞ்சள். பெரும்பாலும் கடுகுக்கும் மிளகுக்கும் இடைப்பட்ட அளவு. பாதியில உடைஞ்சது, சரியா வராதது, கழிவுக் கண்ணாடி எல்லாமும் கிடைச்சிருக்கு. அதனால மணி அங்கேயே செய்யப்பட்டதுன்னு தெரியுது.

கல் மணிக்கு ஒவ்வொண்ணா ஓட்டை போடணும். கண்ணாடி மணிக்கு அவங்க கண்டுபிடிச்ச வழி வேற. உருகின கண்ணாடியை ஒரு பெரிய கட்டியா சேர்த்து, நடுவுல ஒரே ஒரு ஓட்டை உண்டாக்கி, அந்தக் கட்டியில இருந்து குழாயா இழுப்பாங்க. கண்ணாடி நீண்டு ஒல்லியாகும், ஓட்டையும் கூடவே ஒல்லியாகி கடைசி வரைக்கும் போகும். ஆறின குழாயைத் துண்டு துண்டா வெட்டி, சாம்பலோட சேர்த்துத் திரும்பச் சூடாக்கினா ஓரம் மழுங்கி மணி ஆயிடும்.

கோடு எழுதுறவங்களுக்கு இது உடனே புரியும். லூப்புக்குள்ள ஒவ்வொரு தடவையும் நடக்க வேண்டிய வேலையை லூப்புக்கு வெளியே எடுத்துட்டாங்க. ஓட்டை போடறது ஒரே தடவை. மணி ஆயிரக்கணக்கு.

இந்த வகை மணிகளுக்கு ஆராய்ச்சியாளர் பீட்டர் ஃபிரான்சிஸ் வெச்ச பேரு இந்தோ-பசிபிக் மணிகள். ஆப்பிரிக்காவோட கிழக்குப் பகுதியில இருந்து கொரியா, ஜப்பான் வரைக்கும் இவை கிடைக்குது. இலங்கையில மாந்தை, தாய்லாந்துல க்ளோங் தோம், வியட்நாம்ல ஒக் ஏயோ மாதிரி இடங்கள்லயும் இதே முறையில மணி செஞ்சிருக்காங்க. ஆந்திராவுல திருப்பதிக்குப் பக்கத்துல பாப்பாநாயுடுபேட்டைன்னு ஒரு கிராமம். அங்க சூளைக்கு முன்னாடி உட்கார்ந்து இரும்புக் குழாயை வெச்சுக் கண்ணாடியை இழுத்து மணி செய்யற முறை நம்ம காலம் வரைக்கும் வந்திருக்கு. பழைய மணிகள் எப்படி உருவாச்சுன்னு ஃபிரான்சிஸ் புரிஞ்சுக்க உதவினது அந்தச் சூளைக்காரங்களோட கைவேலைதான். டாக்குமெண்டேஷன்னு ஒரு பக்கம் கூட இல்லாம, கையில இருந்து கைக்கு மாறியே வந்த அறிவு.

தேதி சொன்ன பேருங்க

இப்போ பேர் விஷயத்துக்கு வருவோம்.

1930-கள்ல புதுச்சேரியில இருந்த பிரெஞ்சுப் பேராசிரியர் ழூவோ-துப்ரேய், அரிக்கமேட்டுல கிடைச்ச மணிகளையும் கற்களையும் சேகரிச்சார். மேட்டுல கிடந்ததைப் பொறுக்கி அவருக்கு வித்தவங்க அந்தப் பக்கத்துப் பிள்ளைங்க. முகம் செதுக்கின ஒரு கல்லைப் பார்த்து அவர் ரோமப் பேரரசர் அகஸ்டஸ்னு சொன்னார். அதனால செதுக்கினவர் யாருன்னு தெரியாத கல்லுக்குப் பேரரசர் பேரு வந்துடுச்சு. பொறுக்கின பிள்ளைங்க புத்தகங்கள்ல 'உள்ளூர்ப் பிள்ளைகள்' மட்டும்தான்.

1944-ல மார்ட்டிமர் வீலர் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவரா வந்தார். சென்னை அருங்காட்சியகத்துல ஒரு அலமாரிக்குள்ள உடைஞ்ச ஜாடித் துண்டைப் பார்த்தார். மத்தியதரைக்கடல் நாட்டு ஒயின் ஜாடி, ஆம்ஃபோரா. எங்கிருந்து வந்ததுன்னு விசாரிச்சுக்கிட்டே அப்போ பிரெஞ்சு ஆட்சியில இருந்த புதுச்சேரிக்கு வந்தார். 1945-ல அகழாய்வு பண்ணார்.

அகழாய்வுல பெரிய கேள்வி, இந்த இடம் எந்தக் காலத்தது? பதில் சொன்னது இத்தாலியில அரெஸ்ஸோ ஊர்ச் சிவப்பு மட்பாண்டத் துண்டுகள். அந்த ஊர்க் குயவர்கள் தட்டோட நடுவுல தங்கள் பட்டறைப் பேரை முத்திரையா அழுத்துவாங்க. அரிக்கமேட்டுத் துண்டுகள்ல விபியே, கமுரி, இத்தான்னு பேருங்க இருந்தது. அந்த வகைப் பாண்டம் எப்போ புழக்கத்துல இருந்ததுன்னு ஐரோப்பாவுல ஏற்கெனவே தெரியும். அதனால கி.பி. முதல் நூற்றாண்டுன்னு ஒரு தேதி கிடைச்சது. லாக் ஃபைல்ல டைம்ஸ்டாம்ப் மாதிரி. பிறகு 1989-ல இருந்து 1992 வரைக்கும் விமலா பெக்லி தலைமையில நடந்த அகழாய்வு, அந்த ஊரோட காலத்தை வீலர் சொன்னதை விட முன்னாடியும் பின்னாடியும் நீட்டிச்சது.

யோசிச்சுப் பாருங்க. கடல் தாண்டி வந்த தட்டு, செஞ்சவங்க பேரோட வந்தது. நம்ம ஊர்ப் பானை ஓடுகள்லயும் தமிழ்-பிராமியில எழுத்து கீறியிருக்கு. ஆனா இங்க இருந்து போன மணிகள்ல ஒரு எழுத்து கூடக் கிடையாது. கடுகு அளவு மணியில எங்க எழுதுறது? ரோம எழுத்தாளர் பிளினி, இந்தியா வருஷத்துக்கு 5 கோடி செஸ்டெர்ஸ் காசை ரோமில இருந்து இழுத்துக்குதுன்னு புலம்பியிருக்கார். போன காசுக்குக் கணக்கு இருக்கு. சூளைக்கு முன்னாடி உட்கார்ந்தவங்க பேருக்குக் கணக்கு இல்ல.

அக்கா கேட்ட கேள்வி

இவ்வளவையும் நான் ரொம்ப உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லி முடிச்சேன். "அதனால முத்திரையை எடுக்காத, அதுதான் வரலாறு"ன்னேன். அக்கா க்ளே பிசையறதை நிறுத்தவே இல்ல. "ஏன்டா, அந்த மணி செஞ்சவங்களுக்கு ஒழுங்கா கூலி கிடைச்சுதா?"ன்னு கேட்டாங்க.

என்கிட்ட பதில் இல்ல.

"ரெண்டாயிரம் வருஷம் கழிச்சு எவனோ தோண்டிப் பார்த்து என் பேரைப் படிக்கறது இருக்கட்டும். பாப்பாவுக்கு அடுத்த மாசம் ஸ்கூல் ஃபீஸ் இருக்கு."

பேரைப் பத்திப் பேசறது, மாசாமாசம் சம்பளம் வர்ற எனக்குச் சுலபம். என் கமிட் ஒவ்வொண்ணுலயும் என் பேரு தானாவே ஏறிடும், அதுக்கு நான் காசை விட வேண்டியது இல்ல. அக்காவுக்கு அந்த 'நெ'யோட விலை 50 ஜோடி கம்மல்.

அப்படியே விட்டுடலாம்னு நினைச்சேன். ஆனா அன்னைக்கு ராத்திரி அக்காவே கடைக்காரங்களுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாங்க. வட்டம், அரைவட்டம், தொங்கட்டான் மாதிரி யாரும் செய்யற டிசைன்னா முத்திரை இல்லாம தர்றேன், உங்க டேக் போட்டுக்கோங்க. இட்லித் தட்டும் அஞ்சிதழ்ப் பூவும் நானே யோசிச்சுச் செஞ்சது. அது வேணும்னா எழுத்தோடதான் வரும். ரெண்டு நாள் பதில் இல்ல. மூணாவது நாள், 40 ஜோடி முத்திரை இல்லாமலும் 10 ஜோடி பூ முத்திரையோடயும் அனுப்பச் சொன்னாங்க.

அகஸ்டஸ் கல்லுன்னு பேர் வெச்சப்போ அதைச் செதுக்கினவருக்கு இப்படிப் பேரம் பேச ஒரு வாய்ப்பு இல்ல. சோஃபிக்குப் பாதிப் பேராவது மிஞ்சுச்சு. அக்காவுக்கு 50-ல 10. அது கம்மியா, அதிகமான்னு நான் சொல்ல மாட்டேன். அதை முடிவு பண்ணது அவங்க, அதுதான் எனக்கு முக்கியமா படுது.

கடைசியா ஒரு விஷயம். புதுச்சேரி வந்தா, ராக் பீச்சுல போட்டோ எடுத்துட்டு அப்படியே பாரதி பூங்கா பக்கத்துல இருக்கிற அருங்காட்சியகத்துக்குள்ள போங்க. அரிக்கமேட்டு மணிகள் அங்க கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு. ஒரு சிவப்பு மணியோட ஓட்டையை மட்டும் குனிஞ்சு பாருங்க. அரிக்கமேட்டுக்கே போனீங்கன்னா, தரையில மணி கண்ணுல பட்டாலும் பையில போட்டுக்காதீங்க. எந்த இடத்துல கிடந்ததுங்கறது, அது தன்னைப் பத்திச் சொல்லக் கூடிய ஒரு முக்கியமான தகவல்.

இதோ, 'டிங்'. தட்டை வெளியே எடுக்கணும், அக்கா கூப்பிடறாங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.