கையசைவே ஆட்டம்

வீட்டுக் கூடத்தில் கையை வீசினால் திரையில் தெரியும் கடற்கரையில் பந்து பறக்கிறது! இவ்விந்தை எவ்வாறு நிகழ்கிறது? ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 2006-ல் வெளியிட்ட 'வீ' கருவியின் கைப்பிடியில், வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானி இருந்தது. 2008-ல் 'பிக் பீச் ஸ்போர்ட்ஸ்' என்னும் கடற்கரை ஆட்டத் தொகுப்பு வந்தது. குடும்பமே சேர்ந்து ஆடலாம். 2009-ல் ஜைரோஸ்கோப்பும் சேரவே, மணிக்கட்டின் சுழற்சியும் துல்லியமாகப் பதிவாயிற்று.

கையசைவால் ஆடும் இம்முறை, தோல் தொழிலுக்குப் பேர்போன வேலூர் வட்டாரத்தில் மருத்துவத்துக்கும் உதவுகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐ.ஐ.டி.யும் உருவாக்கிய 'புளூட்டோ' கருவியைப் பற்றி, பக்கவாதத்தால் கை தளர்ந்தவர் திரையில் ஆடுகிறார். அசைக்க இயலாதபோது மோட்டார் துணைசெய்கிறது. நூறு முறை மடக்கச் சொன்னால் சலிக்கும் கை, ஆட்டத்தில் வெல்ல மீண்டும் மீண்டும் முயல்கிறதல்லவா?