வித்துராவில் ஒரு கேள்வியும் அன்னா மணியின் ஆய்வேடும்

பொன்முடி மலையடிவாரத்தில், வித்துராவின் மருதமலையில் அமைந்துள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் பயிலும் மாணவி ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: "பத்தாண்டுக்கான குறிக்கோளை இரண்டாம் ஆண்டிலேயே எழுதிவைக்கச் சொல்கிறார்களே, அக்கா, நீங்கள் எழுதிவைத்தீர்களா?" நான் எழுதிவைக்கவில்லை. ஆனால் என் கதையைவிடப் பயனுள்ள கதை அதே மாவட்டத்தில் முடிவுற்ற ஒரு வாழ்க்கையில் இருக்கிறது.

அன்னா மணி 1918-இல் திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தின் பீர்மேட்டில் பிறந்தார். எட்டாம் பிறந்தநாளில் வீட்டார் அளித்த வைரத் தோட்டை மறுத்து, பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தைக் கேட்டுப் பெற்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. அவருடைய முதல் விருப்பம் மருத்துவம். இயற்பியலுக்கு வந்ததன் பின்னே பெரிய கனவு எதுவும் இல்லை. அப்பாடம் அவருக்கு நன்றாக வந்தது, அவ்வளவே. 1939-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.எஸ்சி. ஹானர்ஸ் முடித்து, மறு ஆண்டே உதவித்தொகை பெற்றுப் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் சி. வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

அங்கே அவர் ஆராய்ந்தவை வைரங்களும் மாணிக்கங்களும். (தோட்டை மறுத்த சிறுமியின் கைக்கு முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்கள் இவ்வழியாக வந்து சேர்ந்தன.) வைரத்தின் ஒளிர்வு மிக மங்கலானது. அதன் நிறமாலை ஒளிப்படத் தகட்டில் பதிய வேண்டுமானால் தகட்டைப் பதினைந்து, இருபது மணிநேரம் ஒளியில் வைக்கவேண்டும். ஆகவே பல இரவுகளை அவர் ஆய்வுக்கூடத்திலேயே கழித்தார். 1942 முதல் 1945 வரை தம் பெயரில் மட்டுமாக ஐந்து கட்டுரைகளை வெளியிட்டு, 1945 ஆகஸ்டில் முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்று காட்டிப் பல்கலைக்கழகம் பட்டத்தை மறுத்தது.

இந்நிகழ்வை இரண்டு வகையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பட்டம் இல்லாமலே சாதித்தார், ஆதலால் பட்டம் பொருட்டன்று என்பது ஒன்று. தடையே அவரை உயர்த்தியது என்பது மற்றொன்று. இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை. ஹானர்ஸ் பட்டமும் ஆய்வு உதவித்தொகையும் பெற்று, ஐந்து கட்டுரைகளையும் வெளியிட்டிருந்த ஒருவருக்கு அந்த விதி இழைத்தது அநீதி. பின்னாளைய வெற்றி அதை ஈடுசெய்துவிடாது. ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருக்கும் எவருக்கும் அந்த மறுப்பின் கனம் புரியும்.

அதே ஆண்டில் இங்கிலாந்து சென்று பயிற்சி பெற அரசு உதவித்தொகை கிடைத்தது. இயற்பியல் பயிலும் எண்ணத்தோடுதான் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் போனார். ஆனால் கிடைத்த இடமோ வானிலைக் கருவியியலில்! வரலாற்று மாணவர்கள் இங்கே சற்று நிற்கவேண்டும். தனிமனிதரின் குறிக்கோள் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, அக்காலத்து அரசும் நிறுவனங்களும் எந்த இருக்கைகளைத் திறந்துவைத்தன என்பதைப் பொறுத்தது. போர் முடிந்து விடுதலை நெருங்கிக்கொண்டிருந்த நாட்டுக்குக் கருவி செய்யத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். நிறமாலையியலைத் தொடர்வதற்கான இருக்கை அவருக்குத் திறக்கவில்லை.

1948-இல் புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். கருவிகளுக்குப் பெரும்பாலும் இறக்குமதியை நம்பியிருந்த துறை அது. ஏறத்தாழ நூறு வானிலைக் கருவிகளுக்கான வரைபடங்களை அவர் தரப்படுத்தி, உள்நாட்டிலேயே அவற்றை உருவாக்க வழிசெய்தார். தவறான அளவீடு, அளக்காமல் விடுவதைவிடக் கேடானது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். 1957-58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டையொட்டிச் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாடெங்கும் நிறுவினார். பின்னர் விக்ரம் சாராபாயின் வேண்டுகோளின் பேரில் தும்பா ஏவுதளத்தில் வானிலை ஆய்வகத்தை அமைத்தார். துணைத் தலைமை இயக்குநராக 1976-இல் ஓய்வு பெற்றபின் 1980, 1981 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட இந்தியச் சூரியக் கதிர்வீச்சுத் தரவு நூல்கள் சூரிய ஆற்றல் துறையினருக்கு அடிப்படை நூல்களாயின.

மொழியியல் படித்த பழக்கத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது: 'குறிக்கோள்' என்னும் சொல்லின் பின்பகுதி 'கொள்' என்னும் வினையிலிருந்து வந்தது. கண்முன் இருப்பதைத்தானே கொள்ள முடியும்? சொற்பிறப்பை வைத்து வாழ்க்கைத் தத்துவம் பேசுவது எங்கள் துறைக்கு அழகன்று; ஆகவே இதை இத்தோடு விடுகிறேன்.

அம்மாணவிக்கு நான் சொன்னது இதுதான்: எழுதிவைப்பதில் தவறில்லை, பென்சிலால் எழுதுங்கள். கூடவே, நீங்கள் விரும்பும் துறையில் இப்போது யார் உதவித்தொகை தருகிறார்கள், எந்த விதி யாரை வெளியே நிறுத்துகிறது என்பதையும் பக்கத்தில் குறித்துவையுங்கள்.

அன்னா மணி 2001 ஆகஸ்ட் 16 அன்று திருவனந்தபுரத்தில் காலமானார். பட்டம் மறுக்கப்பட்ட அவருடைய ஆய்வேடு பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிலைய நூலகத்தில் இருப்பதை அறிவியல் வரலாற்றாய்வாளர் ஆபா சூர் பதிவுசெய்துள்ளார். பட்டம் பெற்ற ஏனைய ஆய்வேடுகளைப் போலவே அதுவும் கட்டமைக்கப்பட்டு அடுக்கில் நிற்கிறது. பார்ப்பவர்க்கு வேறுபாடு தெரியாது.