விழித்திரை நோயை முன்கண்டறிதல்

விழித்திரை என்பது கண்ணின் உட்புறத்தில் பின்பக்கமாகப் படிந்து ஒளியை உணரும் மெல்லிய நரம்புப் படலம் ஆகும். அதில் உண்டாகும் கேடுகளைப் பார்வை மங்குவதற்கு முன்பே இனங்காண முயலும் ஆய்வுகள், நீரிழிவு விழித்திரை நோயையொட்டியே மிகுதியும் வளர்ந்தன. நீரிழிவால் நுண்ணிய குருதிக்குழாய்கள் புடைத்துக் கசியும் இந்நோய், தொடக்கத்தில் வலியோ பார்வைக் குறையோ காட்டுவதில்லை.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உயிருள்ளவரின் விழித்திரையைத் தெளிவாகக் காண மருத்துவர்களுக்கு வழியில்லை. கண்ணுக்குள் புகும் ஒளி வந்த வழியே திரும்புவதால், உள்ளே நோக்குபவரின் தலையே விளக்கை மறைத்துவிட, கண்மணி கருமையாகவே தோன்றிற்று. கோனிக்ஸ்பெர்க் நகரில் பணியாற்றிய ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ், 1850இல் மெல்லிய கண்ணாடித் தகடுகளைச் சாய்வாக நிறுத்தி, பக்கத்து விளக்கின் ஒளி அவற்றில் பட்டுத் தெறித்துக் கண்ணுக்குள் பாயுமாறு செய்து, திரும்பிவரும் ஒளியை அதே தகடுகளின் ஊடாகப் பார்த்தார். அட்டையும் பசையும் மூக்குக்கண்ணாடி வில்லையுமே அம்முதற்கருவிக்குப் போதுமானவையாயின. இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் 1847இலேயே இத்தகைய கருவியொன்றைச் செய்திருந்தும் அது பயன்பாட்டுக்கு வரவில்லை. ஆகவே விழிநோக்கியைக் கண்டுபிடித்த பெருமை ஹெல்ம்ஹோல்ட்சுக்கே உரியது.

இக்கருவியின் துணையால் வியன்னாவின் எடுவர்ட் யேகர், 1850களின் நடுவில், நீரிழிவு நோயாளியின் விழித்திரை மாற்றங்களை விவரித்தார். அவை நீரிழிவால் விளைந்தவை என்பதற்குச் சான்றில்லை என அக்காலத்தின் பெரும் கண் மருத்துவரான ஆல்பிரெக்ட் ஃபான் கிராஃபே மறுத்தார்; 1872இல் எட்வர்ட் நெட்டில்ஷிப் வெளியிட்ட திசு ஆய்வு யேகரின் பக்கமே நின்றது.

குருதிக்குழாய்க் கசிவைப் படமாக்கும் முறையை 1961இல் வெளியிட்டவர்கள், இந்தியானா பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களான நொவோட்னியும் ஆல்விசும் ஆவர். கைச்சிரையில் செலுத்தப்படும் ஃப்ளோரசீன் சாயம் சில நொடிகளில் கண்ணை எட்டி, நீல ஒளி பட்டதும் பசுமஞ்சளாக ஒளிர்கிறது. கண் மருத்துவ இதழொன்று ஏற்க மறுத்த இக்கட்டுரை இதயவியல் இதழில் வெளிவந்தது என்பது வியப்புக்குரியது.

ஒளி அலைகளின் குறுக்கீட்டைக் கொண்டு விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்குவெட்டாகக் காட்டும் ஓசிடி முறை 1991இல் அறிவிக்கப்பட்டது. 2016இல் வெளியான கூகுள் ஆய்வாளர்களின் செயற்கை நுண்ணறிவு ஆய்வில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் பங்கேற்றன. மருத்துவர் படத்தைப் பார்க்காமலேயே நீரிழிவு விழித்திரை நோயைக் கண்டறியும் மென்பொருளுக்கு 2018இல் அமெரிக்க அரசு முதன்முறையாக ஒப்புதல் அளித்தது.