தும்மல் குளிசையும் ஒரு பெரிய நம்பிக்கையும்

டிமெபோன், 1983இல் சோவியத் ரஷ்யாவில் பாவனைக்கு வந்த சாதாரண ஒவ்வாமைக் குளிசை. தும்மல், தோல்கடிக்குக் குடுத்தவை. பிறகு இது அல்சைமருக்கும் உதவுமோ எண்டு பார்த்தினம். ரஷ்யாவில் 183 நோயாளிகளிடம் செய்த பரிசோதனை 2008இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது: வெற்றுக் குளிசை போட்டவர்களை விட, டிமெபோன் போட்டவர்களின் நினைவாற்றல் மேம்பட்டிருந்தது. நம்பிக்கை பொங்கியது. 2010இல் பல நாடுகளில் 598 பேரிடம் செய்த பெரிய பரிசோதனையில் அந்தப் பலன் காணாமல் போச்சு.

பழைய மருந்தெண்டால் அதன் பக்கவிளைவுகள் ஏற்கெனவே தெரியும். புது நோயில் வேலை செய்யுமோ எண்டது தெரியாது.

அம்மம்மா எங்கட பேரை மறக்கத் தொடங்கேக்க எந்தச் செய்தியையும் நம்பத்தான் மனம் சொல்லும். அப்ப கேட்க வேண்டியது இதுதான்: எத்தினை பேரிடம், எத்தினை தரம் பார்த்தவை?