தின்ற கொழுப்பு

குளிர்காலம் முழுக்க சாதுவாக இருந்த ஒரு மட்டக்குதிரை. எட்டு வயதுப் பெண் குழந்தை முதுகில் ஏறினால்கூடப் பேசாமல் நடக்கும். காதைப் பிடித்து இழுத்தாலும் கண்டுகொள்ளாது. ஏப்ரல் பிறக்கிறது. புல்வெளி பச்சைப் பசேலென்று ஆகிறது. இரண்டே வாரம். அதே குதிரை சேணத்தைக் கண்டதும் பல்லைக் காட்டுகிறது. கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறது. குழந்தையைக் கீழே தள்ளிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி தலையைக் குனிந்து புல் மேய்கிறது.

இங்கிலாந்துக் கிராமங்களில் வருடா வருடம் நடக்கிற கூத்து இது. பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? நம்மூராக இருந்தால் ஒரே வார்த்தைதான். கொழுப்பு!

யோசித்துப் பாருங்கள். உடம்பில் இருக்கிற கொழுப்புக்கும் புத்தியில் ஏறுகிற திமிருக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். 'தின்னுட்டுக் கொழுத்துப் போயிருக்கான்' என்று நம் பாட்டிமார்கள் திட்டியதில் ஒரு மருத்துவக் குறிப்பே இருக்கிறது. ஆனால், பாதிதான் சரி. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள கொஞ்சம் பின்னால் போகவேண்டும். ஸ்காட்லாந்துக்கும் வடக்கே, நடுக்கடலில் கிடக்கிற ஷெட்லண்ட் தீவுகளுக்கு.

மரம் என்று சொல்லிக்கொள்ள அங்கே அதிகம் கிடையாது. காற்று, மழை, கரிய சதுப்பு மண். அதில் முளைக்கிற புல்லிலும் சத்து குறைவு. ஷெட்லண்ட் மட்டக்குதிரை அங்கே பல நூற்றாண்டுகளாக வாழ்ந்த பிராணி. உயரம் 42 அங்குலத்தைத் தாண்டாது. குளிர்காலத்தில் மேய எதுவும் கிடைக்காவிட்டால் கடற்கரைக்கு இறங்கிவந்து, அலையில் ஒதுங்கிய கடற்பாசியைத் தின்னும். வசந்தத்தில் எலும்பும் தோலுமாக இருக்கும். கோடையில் தேறும். மறுபடி இளைக்கும். இப்படியே தலைமுறை தலைமுறையாக. விளைவு? கிடைத்த ஒவ்வொரு கவளத்தையும் உடம்பில் சேமித்து வைக்கிற மகா கஞ்சப் பிரபு ஒன்று உருவாகிவிட்டது. நான் பி.காம். படித்தவன். இந்த மாதிரி ஒரு சேமிப்புக் கணக்கை எந்த வங்கியிலும் பார்த்ததில்லை.

அந்தக் கஞ்சத்தனம்தான் அதற்கு வினையாகவும் வந்தது.

1838-ம் வருடம் யார்க்‌ஷயரில் ஹஸ்கர் நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 26 குழந்தைகள் செத்துப்போனார்கள். ஆம், குழந்தைகள்தான். நிலக்கரி வண்டிகளை இழுக்கவும், கதவைத் திறந்து மூடவும் சிறுவர் சிறுமிகளைத்தான் பூமிக்கடியில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நாடே பதறியது. விசாரணை நடந்தது. 1842-ல் ஒரு சட்டம் வந்தது. இனி பெண்களும் பத்து வயதுக்குக் குறைந்த பையன்களும் சுரங்கத்துக்குள் வேலை செய்யக்கூடாது.

சரி, வண்டியை யார் இழுப்பது? உயரம் குறைவாக இருக்கவேண்டும். பலம் நிறைய வேண்டும். தீனி கொஞ்சமாகத் தின்னவேண்டும். முதலாளிகளின் கண் ஷெட்லண்ட் பக்கம் திரும்பியதில் ஆச்சர்யமே இல்லை. கப்பல் கப்பலாக ஆண் குதிரைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். நல்ல பொலிகுதிரைகளெல்லாம் சுரங்கத்துக்குப் போய்விட, தீவில் இனமே சோப்ளாங்கி ஆகத் தொடங்கியது. டர்ஹாமில் சுரங்கங்கள் வைத்திருந்த லண்டன்டெரி பிரபு, 1870 வாக்கில் பிரெஸ்ஸே, நாஸ் என்ற இரண்டு தீவுகளில் தனியாக ஒரு பண்ணையே போட்டார். குட்டைக் கால், அகன்ற உடம்பு, இரும்பு எலும்பு என்று பொறுக்கிப் பொறுக்கி இனவிருத்தி செய்தார். இன்று உலகம் முழுக்க இருக்கிற ஷெட்லண்ட் குதிரைகளில் அந்தப் பண்ணையின் ரத்தம் ஓடுகிறது.

1913-ல் பிரிட்டிஷ் சுரங்கங்களில் சுமார் 70 ஆயிரம் குதிரைகள் இருந்தன. பல இடங்களில் லாயமும் பூமிக்கடியில்தான். நறுக்கிய வைக்கோல், ஓட்ஸ், உலர்ந்த புல். அளந்து போடுவார்கள். தின்றதெல்லாம் வேலையில் கரைந்துவிடும்.

வருடத்துக்கு ஒருமுறை சுரங்க விடுமுறையில் அவற்றை மேலே கொண்டுவருவார்கள். 1926 மே மாதம் சுரங்கத் தொழிலாளர்கள் கதவடைப்பில் மாட்டியபோதும் பல இடங்களில் மேலே கொண்டுவந்து வயல்களில் விட்டார்கள். சூரியன்! காற்று! கால் புதையப் புல்! உருண்டு புரண்டு, உதைத்து, நாலு கால் பாய்ச்சலில் ஓடின. திரும்பப் பிடிப்பதற்குள் ஆட்களுக்கு உயிர் போய்விடும். அதைக் கொழுப்பு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

சுரங்கத்துக்கு இயந்திரம் வந்தது. குதிரைகள் குறைந்தன. நார்தம்பர்லண்டில் எல்லிங்டன் சுரங்கத்தின் கடைசி நான்கு குதிரைகள் 1994-ல் ஓய்வு பெற்றன. அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே ஷெட்லண்டுக்குப் புது வேலை கிடைத்துவிட்டது. குழந்தைகளின் செல்லப் பிராணி. வாரத்துக்கு ஒரு மணி நேர சவாரி. மற்ற நேரமெல்லாம் பால்மாடுகளுக்காக உரம் போட்டு வளர்த்த, சர்க்கரைச் சத்து மிகுந்த புல்வெளியில் மேய்ச்சல். கஞ்சப் பிரபுவுக்கு லாட்டரி அடித்தால் என்ன ஆகும்?

புல் வெயிலில் சர்க்கரை தயாரிக்கிறது. அதைச் செலவழித்து வளர்கிறது. வசந்தத்தில் பகலில் நல்ல வெயில், இரவில் கடுங்குளிர். குளிரில் வளர்ச்சி நின்றுவிடும். செலவாகாத சர்க்கரை அப்படியே இலையிலும் தண்டிலும் தங்கிவிடும். மறுநாள் காலை குதிரை மேய்வது புல்லை அல்ல, பச்சை நிற மிட்டாயை.

ரத்தத்தில் இன்சுலின் எகிறுகிறது. குளம்புக்குள்ளே எலும்பையும் குளம்புச் சுவரையும் பிணைத்து வைத்திருக்கும் மெல்லிய மடிப்புகள் தளர ஆரம்பிக்கின்றன. லேமினைடிஸ் என்று பெயர். 2007-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஆரோக்கியமான மட்டக்குதிரைகளின் ரத்தத்தில் இன்சுலினை மட்டும் ஏற்றி வைத்தார்கள். மூன்று நாளைக்குள் அத்தனைக்கும் லேமினைடிஸ். புல்லே தேவைப்படவில்லை.

நகக்கண்ணில் ஊசி ஏறியபடி நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் ஒருவர் சேணம் வைத்துக் கட்டி, 'ஓடு' என்கிறார். நீங்கள் கடிக்கமாட்டீர்களா?

இங்கேதான் சிக்கல். எல்லா முரண்டும் வலி அல்ல. சிலது நிஜமாகவே சும்மா இருக்கிற உடம்பின் துள்ளல்தான். அதற்குத் தினமும் நடை, வேலை, ஒழுங்கு வேண்டும். ஆனால் வலியில் இருக்கிற குதிரையை வேலை வாங்கினால் குளம்பு ஒரேயடியாகப் போய்விடும். பார்வைக்கு இரண்டும் ஒன்று மாதிரியே இருக்கும். கடையில் விற்கிற 'அமைதிப்படுத்தும் பொடி' எதையாவது கலந்து கொடுத்துப் பார்க்கிறவர்கள் உண்டு. அதற்கெல்லாம் ஆதாரம் ரொம்பச் சொற்பம். பொடி விற்கிறவருக்கு லாபம் நிச்சயம்.

பட்டினி போட்டுவிட்டால்? கூடவே கூடாது. கொழுத்த மட்டக்குதிரையைத் திடீரென்று பட்டினி போட்டால் சேமித்த கொழுப்பெல்லாம் ரத்தத்தில் இறங்கி ஈரலைக் கெடுத்துவிடும். ஷெட்லண்டுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். உயிரே போகலாம்.

அதனால்தான் விவரமான ஆட்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். போரடிக்கும்போது நம்மூரில் மாட்டுக்குக் கட்டுவோமே, அதே மாதிரி ஒரு வாய்க்கூடை. அடியில் ஒரு துளை. அதன் வழியாக நுனிப் புல்லைத்தான் கடிக்கமுடியும். மேய்ச்சல் நிலத்தைத் துண்டு துண்டாக வேலி போட்டுப் பிரிப்பது. உலர்ந்த புல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, சர்க்கரையைக் கொஞ்சம் கரையவிட்டுக் கொடுப்பது. மேய விடுவதென்றால் விடிகாலையில். முந்தின இரவு உறைபனி இல்லாமல் இருந்தால் மட்டும்.

அப்புறம், சேணத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை. குனிந்து குளம்பைத் தொட்டுப் பார்க்கிறார்கள். வழக்கத்தைவிடச் சுடுகிறதா? குளம்புக்கு மேலே, கணுவுக்குப் பின்புறம் இரண்டு விரலை வைக்கிறார்கள். சாதாரணமாக அங்கே நாடியைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். தேடாமலே விரலை முட்டிக்கொண்டு அடித்தால் சேணம் திரும்ப ஆணிக்குப் போய்விடும். டாக்டருக்கு ஃபோன் போகும். குழந்தைக்கு அன்று சவாரி கிடையாது.