நரம்பு: ஒரு மருத்துவச் சொல்லின் வரலாறு

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் ஒருவர் 'நரம்பு ஊசி போட்டார்கள்' என்றால், இரத்தக் குழாயில் மருந்து ஏற்றினார்கள் என்று பொருள். காலில் இரத்தக் குழாய் புடைத்து நெளிந்தால் அது நரம்புச் சுருட்டு. முன்பு தோலைத் துளைத்து நூல்போல் வெளிவந்த கினிப் புழுவின் நோய்க்கு நரம்புச் சிலந்தி என்று பெயர். மூளைக்குச் செய்தி கொண்டுசெல்லும் நரம்பு இந்த மூன்றிலும் இல்லை.

இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. சங்க இலக்கியத்தில் யாழின் தந்தியும் நரம்புதான். நீண்டு மெலிந்து இழைபோல் இருப்பதெல்லாம் நரம்பு. கிரேக்கத்திலும் இதே கதை. 'நியூரான்' என்பது முதலில் தசைநாணைக் குறித்த சொல். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஹீரோஃபிலஸ், எரசிஸ்ட்ராட்டஸ் ஆகியோர் உடல்களை அறுத்து ஆராய்ந்த பிறகே அது இன்றைய பொருளை நோக்கி நகர்ந்தது.

மேலை மருத்துவத்தைத் தமிழில் சொல்லும் பெருமுயற்சி யாழ்ப்பாணத்தில் நடந்தது. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1864 முதல் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 'மனுஷ அங்காதிபாதம்' என்ற உடற்கூற்று நூல் 1872இல் வெளிவந்தது. மொழிபெயர்ப்பில் அவருடைய மாணவர்களுக்கும் பங்குண்டு. முதலில் தமிழில் சொல் தேடுவது, கிடைக்காவிட்டால் வடமொழி, அதிலும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு மாற்றுவது என்பது கிறீனின் முறை. வேதியியல் 'கெமிஸ்தம்' ஆனது இப்படித்தான். அச்சொல் நிலைக்கவில்லை, முறை நிலைத்தது.

புலனுறுப்புகளில் இவ்வளவு சிக்கல் இல்லை. உறுப்பைப் பொறி என்றும் அது அறிவதைப் புலன் என்றும் பிரிக்கும் வழக்கம் தமிழில் பழையது. தொல்காப்பியம் உயிர்களையே புலனறிவின் எண்ணிக்கையால் வகுத்திருக்கிறது. விழித்திரை, செவிப்பறை போன்ற சொற்களைப் பார்த்தவுடன் பொருள் விளங்கும்.

நரம்பைப் பிரிப்பதுதான் கடினமாக இருந்தது. இரத்தக் குழாய்களுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தமனி, சிரை என்ற வடமொழிச் சொற்களை எடுத்துக்கொண்டன. இலங்கை நூல்கள் நாடி, நாளம் என்கின்றன. நரம்பு என்ற சொல் மூளையோடும் தண்டுவடத்தோடும் இணைந்த இழைகளுக்கு ஒதுக்கப்பட்டது. ஆனால் அதே பாடநூலில் தாவரவியல் பகுதியைத் திருப்பினால், நீரைக் கடத்தும் 'இலை நரம்பு' இருக்கிறது!

சிரை என்ற சொல் வகுப்பறையைத் தாண்டவில்லை. புடைத்த காலோடு நரம்பியல் மருத்துவரைத் தேடிப்போய், அங்கிருந்து இரத்தக்குழாய் அறுவை மருத்துவரிடம் அனுப்பப்படுவோர் இன்றும் உண்டு.