சீவுளியும் வரலாறும்: ஹேவாஹெட்டப் பகுதியை முன்னிட்ட ஓர் ஆராய்ச்சி

கண்டி நாட்டின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் செப்பேடு, ஓலைச்சுவடி, அந்நியர் எழுதிய குறிப்பு என்பவற்றையே பெரும்பாலும் துணைக்கொண்டனர். மரத்தில் எஞ்சியுள்ள சான்று அத்துணைக் கவனம் பெற்றிலது. மரச் சிற்பத்தைக் கண்டு வியந்தோர் பலர். அச்சிற்பத்தைத் தாங்கி நிற்கும் சமதளத்தைக் கூர்ந்து நோக்கினோர் மிகச் சிலர். அச்சமதளமும் ஓர் ஆவணமே என்பதையும், அதனை வாசித்தற்குச் சீவுளியின் இயல்பை அறிதல் இன்றியமையாதது என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு ஹேவாஹெட்டப் பகுதி பொருத்தமானதொரு களமாகும். கண்டி நகருக்குத் தென்கிழக்கே மலைகளுக்கிடையிற் பரந்து கிடக்கும் இப்பகுதி இரண்டாம் இராசசிங்கன் காலத்தில் அரசிருக்கை அமைந்த இடமாகும். 1664 இல் நிலம்பையில் எழுந்த கிளர்ச்சிக்குத் தப்பிய அம்மன்னன் ஹங்குராங்கெத்தைப் பக்கம் சென்று அங்கே தன் அவையை நிறுவினான். 1660 முதல் 1679 வரை கண்டி நாட்டிற் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட தம் நூலில் அவ்வரசிருக்கையைப் பற்றிக் கூறியுள்ளார். அந்த மாளிகையோ இன்று இல்லை. கல் நிலைத்தது, மரம் மறைந்தது. ஆதலின், எஞ்சிய மரம் ஒவ்வொன்றும் மதிப்பு மிக்கதாகின்றது.

தமிழ்நாட்டார் இழைப்புளி என்பதனை ஈழத்துத் தமிழர் சீவுளி என வழங்குவர். சிங்களவர் அதனை யத்த என்பர். ஒரு கட்டையின் நடுவே சாய்வாக அலகொன்றைச் செருகி, அதனை ஆப்பினால் இறுக்கி, அடியிலுள்ள வாய்வழியே மயிரிழையளவு வெளித்தோன்றச் செய்வதே இதன் அமைப்பு. உளியின் ஆழத்தைக் கை அளவிடுகின்றது. சீவுளியின் ஆழத்தைக் கட்டையே அளவிடுகின்றது. இக்கருத்து மிகப் பழையது. கி.பி. 79 இல் எரிமலைச் சாம்பலில் மூழ்கிய பொம்பெயி நகரிலும், இங்கிலாந்திலுள்ள சில்செஸ்ரரிலும் உரோமர் காலச் சீவுளிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன.

சீவுளியைத் தெரிந்தெடுத்தற்கு இரண்டு நியதிகள் உள. முதலாவது நீளம் பற்றியது. நீண்ட சீவுளி பள்ளங்களின்மேற் பாலம்போற் கடந்து மேடுகளை மட்டும் சீவுமாதலின், பலகையின் ஓரத்தை நேராக்க அதுவே ஏற்றது. குறுகியது பள்ளத்திலும் இறங்கி எழுமாதலின், நேராக்குதற்கு உதவாது. ஏற்கனவே நேரான தளத்தை மெருகிடுதற்கே உதவும். இரண்டாவது அலகின் சாய்வு பற்றியது. மென்மரத்துக்கு 45 பாகைச் சாய்வு போதும். இழைகள் ஒன்றுக்கொன்று எதிராகப் பின்னிச் செல்லும் முதிரை போன்ற வன்மரங்களில் அச்சாய்வு இழையைப் பெயர்த்துவிடும். அவற்றிற்கு 50 முதல் 55 பாகை வரை நிமிர்ந்த அலகும் ஒடுங்கிய வாயும் வேண்டும்.

பயன்படுத்துமிடத்து, இழை ஏறிச் செல்லும் திசையை முதலில் நோக்கி, அத்திசையிலேயே தள்ளுதல் முறையாகும். தொடக்கத்தில் முன்கையும் முடிவிற் பின்கையும் அழுத்தம் கொடுத்தல் வேண்டும். அன்றேற் பலகையின் இரு முனைகளும் தேய்ந்து நடு உயர்ந்துவிடும். மலைநாட்டின் ஈரக்காற்றில் மரக்கட்டைச் சீவுளியின் அடி கோணுதலுண்டு. இரும்புச் சீவுளி துருவேறும். எனினும் மரக்கட்டையைத் தச்சன் தானே செய்துகொள்ளலாம்; கொல்லனிடம் பெற வேண்டியது அலகொன்றே.

இக்கருவிகள் யாவும் தத்தம் தடத்தை மரத்தில் விட்டுச் செல்கின்றன. வாய்ச்சி கிளிஞ்சலை ஒத்த குழிகளை இடும். முரட்டு வேலைக்குரிய வளைந்த அலகுச் சீவுளி, நீளவாக்கில் ஆழமற்ற வாய்க்கால்களை விடும். சுழலும் கத்தியுடைய பொறி, குறுக்குவாக்கிற் சம இடைவெளியுள்ள சிற்றலைகளைப் பதிக்கும். அமெரிக்காவில் வூட்வேத் என்பார் பலகை சீவும் பொறிக்கு உரிமம் பெற்றது 1828 இலாகும். ஆகவே, அத்தகைய அலை பதிந்த பலகையைப் பதினெட்டாம் நூற்றாண்டினது எனக் கூறுதல் பொருந்தாது. ஆயின், வாய்ச்சித் தடம் பழமையையோ சீவுளித் தடம் புதுமையையோ தாமாகவே நிறுவா. இரு கருவிகளும் பன்னூற்றாண்டுகள் ஒருங்கு வழங்கியவை. தடம் சாட்சி மட்டுமே, அது தீர்ப்பாகாது.

இந்நோக்குடன் அணுகத்தக்க கட்டடங்கள் கண்டியைச் சூழ்ந்து பல உள. கம்பளை மன்னன் மூன்றாம் விக்கிரமபாகு காலத்ததாகிய எம்பெக்கே தேவாலயம் கதிர்காமத் தெய்வத்துக்குரியது. அங்குள்ள மண்டபத் தூண்களின் மற்போரும், அன்னமும், இருதலைப் பறவையும் யாவரும் அறிந்தவை. ஆயின், 26 கைமரங்கள் ஓர் ஆப்பில் வந்து பொருந்தும் அதன் கூரை, அலங்காரத்தால் நிற்பதன்று. பிசகாத பொருத்துமுகங்களால் நிற்பது. கண்டியில் 1783 இல் கட்டத் தொடங்கப்பெற்ற மகுல் மடுவவும் இவ்வாறே கூர்ந்து நோக்கற்குரியது. 1815 மார்ச்சு 2 ஆம் நாள் கண்டி உடன்படிக்கை நிறைவேறிய அம்மண்டபம், பின்னர் ஆங்கிலேயராற் பெருப்பிக்கப்பட்டது. இரு காலத்துக் கைவேலை ஒரு கூரையின்கீழ் நிற்குமிடத்து, தளத்தை ஆராய்தல் வீண் முயற்சியாகாது.

அரசர் காலத்தில் தச்சரும் கொல்லரும் கொட்டல்பத்த என்னும் பிரிவிலடங்கி, நிலமானியத்துக்கு ஈடாக இராசகாரியம் செய்தனர். 1832 இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் நீங்கியது நன்மையே. ஆயின், அரண்மனையும் ஆலயமும் அளித்த ஆதரவும் அதனுடன் குன்றியது. அவ்விடத்தைத் தோட்டங்கள் பிடித்தன. ஸ்கொத்லாந்திலிருந்து 1852 இல் வந்த ஜேம்ஸ் ரெயிலர், 1867 இல் ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள லூல்கந்துரவில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். முதற்கண் இலைகள் பங்களா விறாந்தையில் மேசைமீது கையால் உருட்டப்பட்டன. அதே 1867 இல் அமெரிக்காவில் லெனாட் பெயிலி என்பார், அலகைத் திருகாணியால் ஏற்றியிறக்கும் அமைப்புக்கு உரிமம் பெற்றார். 1869 இல் அவருடைய தொழிலை ஸ்ரான்லி நிறுவனம் வாங்கியது. ஆப்பையும் சுத்தியலையும் வேண்டாத இரும்புச் சீவுளி உலகெங்கும் பரவிற்று.

இவ்விரு நிகழ்ச்சிகளும் ஓராண்டில் நேர்ந்தமை தற்செயலே. எனினும் இரண்டும் ஒரு காலத்தின் போக்கைக் காட்டுகின்றன. தேயிலைப் பெட்டிக்குச் சிற்பம் வேண்டியதில்லை; காற்றும் ஈரமும் புகாவண்ணம் பலகைகளின் ஓரங்கள் பொருந்துதலே வேண்டும். ஈயத் தகடு உள்ளிட்ட பலகைப் பெட்டிகளைப் பின்னர் ஒட்டுப்பலகைப் பெட்டிகளும், அவற்றையும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கடதாசிப் பைகளும் அகற்றின. ரெயிலர் 1892 இல் மறைந்தார். அவர் வாழ்ந்த குடிலின் கற்புகைபோக்கி எஞ்சியுள்ளது. அரசன் மாளிகைக்கு நேர்ந்ததே தோட்டக்காரன் குடிலுக்கும் நேர்ந்தது.

கைவினைஞரின் இந்நிலைமாற்றத்தை முதலில் ஆழ்ந்து ஆராய்ந்தவர் ஈழத்துத் தமிழர் குடியிற் பிறந்த ஆனந்தக் குமாரசுவாமி ஆவர். 1908 இல் 425 படிகளாக அச்சிடப்பெற்ற இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவர் நூல், கலைப்பொருளுடன் அதனைச் செய்தவனையும் அவன் வாழ்க்கை முறையையும் சேர்த்து நோக்கியது. அவ்வழியில் அடுத்த படி, கருவியின் தடத்தையும் சேர்த்து நோக்குதலாகும்.

பழைய மரவேலைக்கு இன்று நேரும் கேடு கறையானால் மட்டுமன்று, நல்லெண்ணத்தாலும் நேர்கின்றது. பழுதுபார்ப்போர் பழைய தூணையும் கதவையும் உராய்வுப் பொறியால் தேய்த்து மினுக்கெண்ணெய் பூசுமிடத்து, மரம் புதுமை பெறுகின்றது. அதன் மேனியிலுள்ள வாய்ச்சிக் குழியும் சீவுளி வாய்க்காலும் சில நாழிகையில் அழிந்தொழிகின்றன. அழிந்தபின் அவற்றை மீட்டல் எவராலும் இயலாது. இதனைத் தடுத்தற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. பழுதுபார்க்குமுன் மாலை விளக்கொன்றைத் தளத்தின் ஓரமாகப் பிடித்தால், அச்சாய்ந்த ஒளியில் தடங்கள் யாவும் நிழலெழுந்து தோன்றும். அவற்றைப் படமெடுத்து, அளந்து, எழுதி வைத்தல் கல்லூரி மாணவர்க்கும் இயலுவதே. பெயர் பொறிக்கும் வழக்கமற்ற தச்சர் பலர் இந்நாட்டில் வாழ்ந்து மறைந்தனர். அவர்கள் இட்ட கையொப்பம் அத்தளமொன்றே.